காலி என்று காட்டிய நான்காம் நாள்

பங்குனித் திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் முருகன் கோயிலின் வலைத்தளம் படுத்துக்கொண்டது. திருவிழாப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். கோயில் கமிட்டித் தலைவர் நான். இந்த மராத்தி ஊரில், தாபோடிக்கும் போசரிக்கும் நடுவில் தமிழ் பேசுகிற வீடுகளில் எது நின்றுபோனாலும் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். அன்றைக்கும் அடித்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். போசரி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்புத் துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவும் வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கு அதே எஸ்டேட்டில் என் பட்டறை இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்த கடைசல் இயந்திரங்கள் வரிசையாக ஓடுகின்றன. பட்டம் வாங்கியவர்கள் என் மேசைக்கு எதிரே நின்று லீவு கேட்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கோயிலுக்கு வலைத்தளம் வேண்டும் என்று கமிட்டியில் முதலில் வாய் திறந்தவனும் நான்தான். மற்றவர்கள் அப்போது வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தளத்தைக் கட்டிக் கொடுத்தது கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண். ஹிஞ்சவாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, கணவரும் அங்கேயே. பிம்ப்ரிப் பக்கம் பதினைந்து மாடி அபார்ட்மெண்டில் குடியிருக்கிறார்கள். கோயிலுக்கு என்று காசு வாங்காமல் செய்து கொடுத்தாள். அவள் கையில் மடிக்கணினி ஓடுவதைப் பார்த்தால், நல்ல மில்லிங்காரன் கை ஓடுவதைப் பார்க்கிற சுகம் எனக்கு.

அன்று மதியமே போனில் சொன்னாள். "அங்கிள், தற்காலிகமா ஒரு ஒட்டு போட்டிருக்கறனுங்க. பக்கம் இப்பத் திறக்கும். எந்த நாளுக்கு ஆள் யாருன்னு கண்டுபிடிக்க முடியலயோ, அங்க மட்டும் 'காலி'ன்னு காட்டும். ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணீறனுங்க."

பக்கம் திறந்தது. பத்து நாள் திருவிழாவில் ஒன்பது நாளுக்கு எதிரே பெயர் இருந்தது. நான்காம் நாளுக்கு எதிரே மட்டும் காலி.

எங்கள் திருவிழாவை அறியாதவர்களுக்கு இது ஒரு சொல்லாகத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயக்காரர் உண்டு. அன்றைய பொங்கலும் பூவும் அவர்கள் பொறுப்பு. பல்லக்கையும் அவர்கள் தோள்தான் தூக்க வேண்டும். உபயம் தனி வீட்டுக்கு இல்லை, லைனுக்கு. லைன் என்றால் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். தகரக்கூரை, எதிரெதிர் வாசல், கோடியில் ஒரு குழாய். முதல் லைனுக்கு முதல் நாள், மூன்றாவது லைனுக்குக் கடைசி நாள், ஆறாவது லைனுக்கு நான்காம் நாள் என்று எப்போதோ யாரோ வைத்ததை யாரும் மாற்றவில்லை. ஆறாவது லைன்காரர்கள் பானகத்தில் எலுமிச்சைக்குப் பதில் கோகம் என்கிற இந்தப் பக்கத்துப் புளிப்புப் பழத்தைப் போடுவார்கள். வெயிலில் ஊர்வலம் போய்த் திரும்பியவனுக்கு அந்தச் சிவப்புப் பானகம் தொண்டையில் இறங்கும்போது தெரியும் அதன் அருமை.

வீடுகளை ஒவ்வொரு வரிசையாக இடித்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் திகி, ஆளந்தி ரோடு, பிம்ப்ரி என்று சிதறினார்கள். மற்ற லைன்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆளுக்கொரு சங்கம் என்று பெயர் வைத்து, லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அடித்து, தளத்தில் சங்கமாகவே பதிந்துகொண்டார்கள். ஆறாவது லைன் மட்டும் லைனாகவே நின்றது.

அபார்ட்மெண்ட்வாசிகள் புதிதாகச் சேர வரும்போது, "நீங்கள் எந்த லைன்?" என்று தளம் அவர்களைக் கேட்கும். அவர்களுக்கு லைனும் தெரியாது, குழாயும் தெரியாது. புகார் வந்தது. அந்தப் பெண் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து ஒழுங்காகத்தான் கேட்டாள்: "இப்ப லைன்ல யாராச்சும் குடியிருக்காங்களுங்களா?" அத்தனை பேரும் இல்லை என்றோம். உண்மையும் அதுதான், அங்கே இப்போது மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய இரவு அவள் லைன் என்பதையே தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். குடியிருப்பதும் நாள் வைத்திருப்பதும் வேறு வேறு என்று எங்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எங்களுக்கு அது சொல்லவே தேவையில்லாத சங்கதி. அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவளிடம் யாரும் சொல்லவில்லை.

காலி என்ற சொல்லை முதலில் பார்த்தவர் அவளுடைய அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர். சென்னைக்காரர், பெரிய உத்தியோகம். சனிக்கிழமை காலையிலேயே என்னை அழைத்தார்.

"சார், நாலாம் நாள் காலின்னு போட்டிருக்கு. எங்க சொசைட்டில அறுபது தமிழ்க் குடும்பம். ரெண்டு வருஷமா ஒரு நாள் குடுங்கன்னு கேட்டுட்டே இருக்கோம். இதை எங்களுக்கே குடுத்துடலாமே?"

"பாத்துக்கலாம் சார். நான் இருக்கறேன்ல? ஆயிடும்னு வெச்சிக்கோங்க" என்றேன்.

நான் இருக்கிறேன் என்று நான் சொன்னால் அது நடக்கும். அப்படித்தான் இந்த வட்டாரத்தில் பேர் வாங்கியிருக்கிறேன். தவிர, எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆறாவது லைனில் மிச்சம் நாலைந்து குடும்பம். போன வருஷம் பல்லக்குக்கு ஆள் போதாமல் இரண்டாவது லைனில் இரவல் வாங்கினார்கள். புதியவர்கள் வந்தால் கூட்டம் வரும், கோயில் வளரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் இரும்பு மேசையைப் போட்டு உட்கார்ந்தோம். அந்தப் பெண், நான், இரண்டு கிளாஸ் சாய். இயந்திரம் எங்கே நின்றது என்று தெரியாமல் கை வைக்க நான் யாரையும் விட்டதில்லை, அதனால் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"ஒவ்வொரு நாளுக்கும் நேரா ரெண்டு விஷயம் எழுதி வச்சிருக்குதுங்க. எந்த வகை ஆளு, அந்த வகைல எந்த நம்பரு. நாலாம் நாளுக்கு 'லைன்' வகை, அதுல ஒரு நம்பர்னு இருக்குது. நான் லைன்கிற மாடலையே டெலீட் பண்ணீட்டனுங்க. பக்கம் போயி லைன்னா எதுன்னு கேக்குது. ஒண்ணுமில்லைன்னு பதில் வருது. அந்த ஒண்ணுமில்லைகிட்டயே மறுபடி நம்பரக் கேக்குதுங்க. அங்கதான் விழுந்துருது."

மாடல் என்பது எனக்குப் புரிந்த விஷயம்தான். இன்ன வகைப் பொருள், அதற்கு இன்னின்ன விவரம் உண்டு என்று முன்கூட்டியே செய்துவைத்த அச்சு. அந்த அச்சில் போட்டுத்தான் குடும்பம், சங்கம், லைன் எல்லாம் கணினிக்குள் இறங்குகின்றன.

"அச்சையே எடுத்தப்புறம் பேர் மட்டும் இன்னாத்துக்கு நிக்குது?" என்று கேட்டேன்.

"அது வேணும்னேதானுங்க. இந்தத் தளமே ஃபிரேம்வொர்க்னு வேற யாரோ எழுதிவச்ச ஒரு சட்டகத்து மேல கட்டினதுங்க. அது என்னென்ன வகை இருக்குதுன்னு தனியா ஒரு பட்டியல் வச்சிருக்கும். நாம மாடல எடுத்தாலும் பட்டியல்ல இருந்து பேர அதுவா எடுக்காது. அந்தப் பேரு மேல வேற ஏதாச்சும் சாஞ்சுட்டிருந்தா? அதனால நாமளா வந்து 'பழசத் துடை'ன்னு சொல்லோணும். சொன்னாலும் ஒருக்கா நிறுத்திக் கேக்கும்."

எனக்கு அந்த ஃபிரேம்வொர்க்கை எழுதியவனைப் பிடித்துப்போனது. எந்த நாட்டுக்காரனோ. சாமானைத் தூக்கு என்றால் தூக்குகிறான், ஆனால் அதன் பெயரைத் தூக்க மட்டும் நின்று யோசிக்கிறான். அதன்மேல் யார் சாய்ந்திருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர்களில் அந்த அளவு யோசிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் ஆள் ஓய்வு பெற்ற மறுநாளே அவர் அலமாரிப் பூட்டை உடைத்து வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவள் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்தாள். சில வரிகள் ஓடி நின்றன. அவள் முகம் மாறியது.

"அங்கிள், லைன்கிற பேரத் துடைச்சா, அதோட ஒட்டிட்டிருக்கறதும் போயிருமாமுங்க. நாலாம் நாளோட உபயப் பதிவு, அதுக்குப் போட்ட குறிப்பு, பழைய வருஷப் போட்டோ எல்லாம். நெசமாவே துடைக்கட்டுமான்னு கேக்குது. யெஸ்னு முழுசா அடிக்கோணும். நீங்கதானே தலைவர். அடிக்கட்டுங்களா?"

திரையில் ஒரு கோடு மின்னி மின்னி நின்றது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைச் சொல்ல வேண்டும். அடி என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான்காம் நாள் உண்மையிலேயே காலியாகிவிடும். செயலாளருக்குக் கொடுத்த சொல் நிற்கும். யாரும் யாரிடமிருந்தும் எதையும் பறித்ததாக ஆகாது. கம்ப்யூட்டர் பழசைத் துடைத்தது, அதில் போய்விட்டது, என்ன செய்ய? கூட்டத்தில் இப்படிச் சொன்னால் எவனும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டான். நான் கட்டியது எல்லாம் நேராக நின்று கேட்டு வாங்கிக் கட்டியது. இவ்வளவு சுலபமான வழி என் வாழ்க்கையில் எதிரே வந்ததே இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"இரும்மா, சாயைக் குடிச்சிக்கலாம்" என்றேன்.

சாய் முடிவதற்குள் ஓர் அக்கா வந்துவிட்டார். ஆறாவது லைன்காரர். தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது மகனோடு போசரியில் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். என்னை நீ என்று கூப்பிடுகிறவர்களில் மிச்சமிருக்கும் ஒருவர். வாசற்படி ஏறும்போதே போனைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா தம்பி, பெரிய மனுஷன் ஆயிட்டா கண்ணு தெரியாதா? எங்க நாளு காலின்னு போட்டுகினு இருக்குது. நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

"உக்காருக்கா. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு."

"கம்ப்யூட்டரா? அப்புறம் அந்த அபார்ட்மெண்ட் ஆளு என் பையனாண்ட இன்னாத்துக்கு சொல்றாரு, தலைவர் எங்களுக்குக் குடுத்துட்டாருன்னு? பஸ்ஸுல ஒரே ஆட்டம், முட்டி வலிக்குது, இதுக்குன்னு வரேன் நானு."

அந்தப் பெண் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். "தப்பு என்னோடதுங்கம்மா. லைன்ல யாரும் இல்லைன்னு சொன்னாங்க, அதான் எடுத்துட்டனுங்க."

"லைன்ல யாரும் இல்ல. ஆனா லைனு இருக்குது" என்றார் அக்கா, ஒரு புதிரும் இல்லாத குரலில். "போன மாசம் கடைசி வூட்டு ஐயா தவறிட்டாரு. தூக்கறதுக்கு யாரு வந்தா? லைன்தான் வந்துச்சி. திகியிலேர்ந்து ரெண்டு பேரு, பிம்ப்ரிலேர்ந்து ஒருத்தன் டூட்டிய உட்டுட்டு வந்தான்."

நான் தலைவர் குரலில் பேச்சை எடுத்தேன். "அக்கா, நாலைஞ்சு வூடு. பல்லக்கு தூக்க ஆள் இல்ல. போன வருஷம் நான்தானே ரெண்டாவது லைன்ல சொல்லி ஆளு அனுப்பினேன்?"

"அனுப்பின. யாரு இல்லன்னா? நீ வந்த புதுசுல உனக்கு எந்த லைனு? பட்டறைலயே சாக்குல படுத்துகினு இருந்த. நாலாம் நாளு எங்க தண்டுல தோளு குடுத்தியே, அப்ப நீ எந்த லைனுன்னு எவனாவது கேட்டானா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அன்று பல்லக்கின் முன்தண்டைத் தூக்கியவர்களில் என் தோள்தான் அகலம், அதனால்தான் சேர்த்தார்கள். ஆனால் அதை அப்போது சொல்லவில்லை. எனக்கு எந்த லைனும் கிடையாது என்பது நான் எல்லா மேடையிலும் சொல்கிற பெருமை. தனியாக வந்தேன், தனியாக நிமிர்ந்தேன். அந்த நான்காம் நாளை மட்டும் அந்தப் பேச்சில் நான் சேர்ப்பதில்லை. ஏன் சேர்ப்பதில்லை என்று அந்த மேசையருகே உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். சேர்த்தால் தனியாக என்ற சொல் கொஞ்சம் ஆடுகிறது.

"சரி, நீங்களும் ஒரு சங்கம்னு போட்டுக்கோங்களேன்" என்றேன். "மத்தவங்க பண்ணல?"

"சங்கம்னா தலைவரு, செயலாளரு, சண்டை. நம்பள்ள தலைவரு கிடையாது. குழாயாண்ட பேசிக்குவோம். இப்ப குழாயும் இல்ல, போன்ல பேசிக்கறோம்."

அந்தப் பெண் இதையெல்லாம் கேட்டபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யெஸ் கேட்டு நின்ற கட்டளைக்கு நோ என்று அடித்தாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

"மூணு வழி இருக்குதுங்க அங்கிள்" என்றாள். "ஒண்ணு, துடைக்கறது. அது வேண்டாம். ரெண்டு, ஆளில்லாத எடத்துல காலின்னு காட்டீட்டு அப்படியே உட்டுடறது. அது துடைக்கறத விட மோசமுங்க, பொய் சொல்லுது. தெரியலைங்கறதுக்கு நான் காலின்னு எழுதிப்போட்டனே, அதுலதானே இத்தனையும். மூணாவது, புதுசா ஒரு மாடல் செஞ்சு, அந்தரத்துல நிக்கறத அதுல கொண்டுபோயி மாட்டறது."

"புது மாடல் இன்னா? மறுபடியும் லைனா?"

"இல்லீங்க. லைன், சங்கம்னு நான் மொதல்லயே பிரிச்சிருக்கக் கூடாதுங்க. அது அவங்க எங்க இருக்கறாங்க, எப்படி இருக்கறாங்கங்கறது. நமக்கு வேண்டியது நாள் யாரோடதுங்கறது மட்டும்தானே? உபயக்காரர்னு ஒரே வகை. பேரு ஒண்ணு, கூப்பிட போன் நம்பர் ஒண்ணு. விலாசமே கேக்காது. சங்கமும் அதுல வரும், இவங்களும் அதுல வருவாங்க."

"பேருல இன்னா போடுவ?" என்று அக்கா எட்டிப் பார்த்தார்.

"நீங்க சொல்றதுங்கம்மா."

"ஆறாவது லைன்னு போடு. வேற இன்னா போடுவ?"

அழித்த அச்சோடு அதில் பதிந்திருந்த ஆறாவது லைனின் விவரங்களும் போயிருந்தன. அழிப்பதற்கு முன் எடுத்துவைத்த நகலிலிருந்து அவற்றை அவள் மீட்டாள். புதிய வகையில் ஆறாவது லைனை இறக்கினாள். பிறகு நான்காம் நாளின் பதிவு, குறிப்பு, புகைப்படங்கள் எல்லாம் பழைய பெயரைச் சுட்டிக்கொண்டிருந்ததை மாற்றி, புதிதைச் சுட்டவைத்தாள். கடைசியில் மறுபடியும் துடைக்கும் கட்டளையை அடித்தாள். இந்தத் தடவை கூடவே போகும் என்று அது எதையும் சொல்லவில்லை. லைன் என்ற வெறும் பெயர் மட்டும்தான் போக இருந்தது. அவள் யெஸ் அடித்தாள். அப்போது தலைவர் அனுமதி தேவைப்படவில்லை.

அக்கா போனில் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகப் படித்தார். "ஆங், வந்துச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "அந்த ஆளுக்கு நீ சொல்லிடு. என் பையன் சொன்னா மரியாதையா இருக்காது."

இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்குவது நான் பழகாத வேலை. வாடிக்கையாளனிடம் சரக்கு தாமதமானால்கூட நான் மன்னிப்புக் கேட்டதில்லை. லாரி மேல் பழி போட்டிருக்கிறேன். இங்கே பழி போடக் கம்ப்யூட்டர் இருந்தது, பக்கத்திலேயே, சூடாக. அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து செயலாளரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், ஏனென்றால் நான் ஒளித்துப் பேசுகிறவன் இல்லை என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

"சார், நாலாம் நாள் ஆறாவது லைனோடது. காலி இல்ல. நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன்."

"வெப்சைட்ல காலின்னு போட்டிருந்ததே சார்? நான் குரூப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். மேளத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம்."

"வெப்சைட்டு தெரியாம சொல்லுச்சு. நான் தெரிஞ்சே சொன்னேன். தப்பு என்னோடது."

"அப்ப எங்களுக்கு எப்பதான் சார் நாள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பார்த்துக் கத்தினார். "வாங்க சார், எங்களோட தூக்குங்க! ஆளுதான் இல்ல எங்களுக்கு!"

"அது எப்படிங்க, எங்க சொசைட்டி பேர் வராதே?" என்றார் அவர். மரியாதையாகத்தான் கேட்டார், அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பேர் வர வேண்டும் என்று ஆசைப்படுவதை நான் குறை சொன்னால் சாமி என்னை மன்னிக்காது. யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். பிறகு யோசித்துச் சொல்லவில்லை. என்னைத் தலைவர் பதவியிலிருந்து விலக்க வேண்டும் என்று அவர் அனுப்பிய செய்தி மட்டும் வந்தது. கமிட்டியில் அது எடுபடவில்லை, என்னை விலக்க அங்கே யாருக்குத் துணிச்சல்? ஆனால் கூட்டத்தில் அதை வாசித்தபோது நான் தலையை நிமிர்த்திக்கொண்டிருக்கச் சிரமப்பட்டேன்.

நான்காம் நாள் சொசைட்டியிலிருந்து அறுபது குடும்பம் வரவில்லை. மூன்று குடும்பம் வந்தது. அதில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. ஆறாவது லைனில் தோள் கொடுக்கிற வயதில் இருந்தவர்கள் ஐந்து பேர். எல்லாரையும் நிறுத்திப் பார்த்தும் தண்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. தலைவர் பல்லக்குத் தூக்குவது வழக்கமில்லை, முன்னால் பட்டுத்துண்டோடு நடப்பதுதான் வழக்கம். துண்டை அர்ச்சகர் கையில் கொடுத்துவிட்டுப் பின்தண்டுக்குப் போனேன். இந்த வயதிலும் என் தோள் தாங்கியது. பக்கத்தில் நின்ற இருபத்தைந்து வயதுக்காரன் மூச்சு வாங்கினான், நான் வாங்கவில்லை.

எனக்கு முன்னால் அந்தப் பெண்ணின் கணவர் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், தண்டு தூக்கிப் பழக்கமில்லை. அவர் நிமிர்ந்த பக்கம் பல்லக்கு ஏறி, முருகன் ஒரு புறமாகச் சாய்ந்தே மெட்ரோத் தூண்களின் நிழலில் போய்க்கொண்டிருந்தார்.

"யோவ் நெட்டை!" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல். "உசரமா பொறந்தது உன் தப்பு இல்ல. முட்டிய மடக்குய்யா! எங்க லைன்ல எல்லாம் குட்டைங்கதான்!"

அவர் முட்டியை மடக்கினார். வழக்கம்போல் மெயின் ரோட்டின் கோடி வரை போக முடியவில்லை, தோள் மாற்ற ஆள் இல்லை. பாதியிலேயே பல்லக்கைத் திருப்பினோம்.